நர்சிங் பாடத்திட்டத்தைப் படித்துத் திட்டமிடும் முறை

பிளஸ் டூ முடித்து நர்சிங்கில் சேரும் மாணவர்கள், இந்தப் பருவத்தில் என்ன பாடம், அடுத்த பருவத்தில் என்ன பாடம் என்று பெயர்ப்பட்டியலை மட்டும் பார்ப்பது வழக்கம். பெயரைவிட அதற்கு ஒதுக்கப்பட்டுள்ள நேரத்தையும், தேர்வு எந்தப் பருவத்தில் வருகிறது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் வெளியிட்ட புதிய விதிமுறைகளின்படி, நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பு எட்டு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பருவத்தில் இருபது வாரங்கள் வகுப்புக்கும் மருத்துவமனைப் பயிற்சிக்கும் உரியவை. பாடச்சுமையை அளக்கும் அலகுதான் கிரெடிட். வகுப்புப் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது வாரம் ஒரு மணி நேரம். ஆய்வகத்தில் அதுவே இரண்டு மணி நேரம். வார்டில் நான்கு மணி நேரம். ஆகவே பாடத்திட்டத்தில் சிறியதாகத் தெரியும் மருத்துவமனைக் கிரெடிட்டுகள்தான் உங்கள் நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். மூன்றாம் பருவத்தில் வரும் பெரியவர்களுக்கான செவிலியத்தின் முதற்பகுதியில் ஏழு கிரெடிட் வகுப்புக்கு 140 மணி நேரமும், ஆறு கிரெடிட் மருத்துவமனைப் பயிற்சிக்கு 480 மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

முதல் பருவத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், ஆங்கிலம் ஆகியவற்றோடு செவிலிய அடிப்படைகளின் முதற்பகுதியும் வருகிறது. இரண்டாம் பருவத்தில் உயிர்வேதியியல், ஊட்டச்சத்தியல், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றுடன் செவிலிய அடிப்படைகளின் இரண்டாம் பகுதி தொடர்கிறது. இந்த அடிப்படைகளுக்கான பல்கலைக்கழகத் தேர்வு இரண்டாம் பருவ முடிவில் இரு பகுதிகளுக்கும் சேர்த்தே நடக்கிறது. முதல் பருவத்தில் தேர்வு இல்லையே என்று அதை ஒதுக்கிவைத்தவர்கள், பின்னர் இரண்டு பருவச் சுமையை ஒன்றாகச் சுமக்க நேரிடும்.

இதைவிடக் கடினமான இடம் மூன்றாம், நான்காம் பருவங்கள். நுண்ணுயிரியலும் நோய்த்தொற்றுக் கட்டுப்பாடும் மூன்றாம் பருவத்திலேயே முடிந்துவிடும். மருந்தியலும் நோயியலும் அப்படியல்ல: இரண்டின் இரு பகுதிகளும் மரபியலும் ஒரே தேர்வாக நான்காம் பருவ முடிவில் வருகின்றன. ஆதலால் மூன்றாம் பருவத்தில் எழுதும் மருந்தியல் குறிப்புகளை மருந்தின் வகை, செயல்படும் விதம், பக்கவிளைவு, கொடுக்கும்போது செவிலியர் கவனிக்க வேண்டியவை என்ற வரிசையில் எழுதிவைத்து, வார்டில் அந்த மருந்தைப் பார்க்கும் நாளில் மறுபடி புரட்டிப் பார்ப்பது நல்லது. என் கருத்தில், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மனப்பாடம் செய்து தப்பித்துவிட முடியாத பாடம் இதுதான்.

ஐந்தாம் பருவத்தில் குழந்தை நலம், மனநலம், சமூக நலம் ஆகியவற்றின் முதற்பகுதிகளும், நர்சிங் கல்வியும், தடயவியல் செவிலியமும் சட்டங்களும் வருகின்றன. ஆறாம் பருவத்தில் குழந்தை நலமும் மனநலமும் நிறைவுபெற, நிர்வாகமும் மகப்பேறு செவிலியமும் தொடங்குகின்றன. ஏழாம் பருவத்தில் ஆராய்ச்சியும் புள்ளியியலும், சமூக நலம், மகப்பேறு ஆகியவற்றின் இரண்டாம் பகுதிகளும் உள்ளன. எட்டாம் பருவம் முழுவதும் இன்டர்ன்ஷிப். அதன் 22 வாரங்களில் பெரியவர்களுக்கான பிரிவில் ஆறு வாரங்களும், சமூக நலம், குழந்தை நலம், மனநலம், மகப்பேறு ஆகிய நான்கிலும் தலா நான்கு வாரங்களும் பணியாற்ற வேண்டும். அரியர் உள்ளவர்கள் முந்தைய தேர்வுகளை முடிக்காமல் ஐந்தாம், ஏழாம் பருவத் தேர்வுகளை எழுத முடியாது என்பதால், நான்காம் பருவத்துக்குள் பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் பெற மருத்துவமனைப் பயிற்சியில் நூறு சதவீதம் வேண்டும். விடுப்பு எடுத்த வார்டு நாட்களை ரெக்கார்டில் உடனுக்குடன் குறித்து, அதே பருவத்தில் ஈடுசெய்துவிடுங்கள்.

ஜி.என்.எம். (பொதுச் செவிலியமும் மகப்பேறும்) டிப்ளமோவில் பருவம் கிடையாது. மூன்று ஆண்டுகளும் ஆண்டு முறையிலேயே நடக்கின்றன. முதலாண்டில் உயிரியல், நடத்தை அறிவியல்கள், செவிலிய அடிப்படைகள், சமூக நலம். இரண்டாமாண்டில் மருத்துவ அறுவைச் சிகிச்சைச் செவிலியம், மனநலம், குழந்தை நலம். மூன்றாமாண்டில் மகப்பேறு, சமூக நலத்தின் தொடர்ச்சி, அதன்பின் இன்டர்ன்ஷிப். ஆண்டுக்கொரு தேர்வு என்பதால் படிக்க நேரம் நிறைய இருப்பதுபோல் தோன்றும். ஆனால் இடையில் உங்களைத் தட்டியெழுப்பும் பருவத் தேர்வு எதுவும் இருக்காது. மாதாந்தரத் திட்டத்தை நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும்.

ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர்களுக்கு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. உள்ளது. அதில் வார்டு வேலை பழகியதாகவே இருக்கும். உயிர்வேதியியல், புள்ளியியல், ஆராய்ச்சி ஆகியவைதான் புதிதாகத் தோன்றும் என்பதால் அவற்றுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாண்டுகள். முதலாண்டில் நர்சிங் கல்வி, உயர்நிலைச் செவிலியம், ஆராய்ச்சி, சிறப்புப் பிரிவின் முதற்பகுதி. இரண்டாமாண்டில் நிர்வாகமும் சிறப்புப் பிரிவின் இரண்டாம் பகுதியும் ஆய்வேடும் உள்ளன. பி.எஸ்சி. முடித்தவர்கள் அதில் சேர ஓராண்டுப் பணி அனுபவம் தேவை. எனவே சிறப்புப் பிரிவை இன்டர்ன்ஷிப்பின்போதே மனதில் முடிவு செய்துகொண்டு, அந்த ஓராண்டை அதே பிரிவின் வார்டில் கழிக்க வேலை தேடலாம்.