செய்மதி ஏவும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், அட்டனுக்கு மேலே ஒரு பாடசாலையில், விடுமுறை நாள் வகுப்பொன்றில், ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதி எடுத்த படத்தைத் திரையில் போட்டிருந்தேன். பச்சைச் சரிவின் நடுவே மண்ணிறத்தில் ஒரு திட்டு. "மண்சரிவுத் தழும்பு இப்படித்தான் இருக்கும்" என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், அது சரிவு இல்லை. பதினோராம் நம்பர் மலை. போன மாதம் கவ்வாத்து வெட்டினார்கள். அப்பாவும் போனார்."

தேயிலைத் தோட்டத்தின் ஒரு பகுதியை எங்கள் பக்கம் மலை என்பார்கள்; தேயிலைச் செடியைக் கத்தரிப்பது கவ்வாத்து. வளரும் நாடுகள் விண்வெளித் துறையில் கால்வைக்கும்போது செய்யும் தவறுகளில் பாதியை அன்று நானே செய்திருந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, செய்மதி வைத்திருப்பதையே திறன் என்று எண்ணுவது. நைஜீரியா சீனாவிடம் வாங்கிய தொலைத்தொடர்புச் செய்மதி நிக்கொம்சாட்-1 2007 மே மாதம் ஏவப்பட்டது. மின்வழங்கல் கோளாறால் 2008 நவம்பரில் செயலிழந்தது. மாற்றுச் செய்மதியையும் சீனாதான் செய்து 2011இல் அனுப்பியது. தென்கொரியா போன வழி வேறு. மாணவர்களை இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே அவர்கள் கைபழகிச் செய்த கிட்சாட்-1 1992 ஆகஸ்டில் மேலேறியது. அடுத்த ஆண்டே கிட்சாட்-2ஐச் சொந்த ஊரில் கட்டிவிட்டார்கள். அந்தக் குழுவிலிருந்து 1999இல் பிறந்த நிறுவனம் பின்னர் மலேசியாவுக்கும் துபாய்க்கும் செய்மதி செய்து கொடுத்தது. நைஜீரியாவும் அதோடு நின்றுவிடவில்லை: அந்நாட்டுப் பொறியியலாளர்கள் இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுக் கட்டிய நைஜீரியாசாட்-எக்ஸ் 2011இல் ஏவப்பட்டது.

ஏவும் நாளைக் கலியாணம்போலக் கொண்டாடுவோம். குடித்தனம் நடத்தும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இலங்கையின் முதல் செய்மதியான நம் ராவணா-1 ஏறத்தாழ ஒரு கிலோ எடை. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நம் இளம் பொறியியலாளர்கள் இருவர் கட்டியது. 2019 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இத்தகைய பெட்டியைக் காற்றின் உராய்வு ஓரிரு ஆண்டுகளில் கீழே இழுத்து எரித்துவிடும். அது எரிவதற்குள் இரண்டாவது செய்மதி மேசைமேல் இருந்தால்தான் முதலாவதில் கற்ற கை மறக்காது.

இலவசமாகக் கிடைப்பதை மதிக்காததும் ஒரு தவறு. சென்டினல் படங்களை எவரும் பதிவிறக்கலாம். ஆனால் மலையகத்துக்கு எந்தப் படம் ஆகும் என்பதை இங்கே இருப்பவர்கள்தான் கற்க வேண்டும். மழைக்காலத்தில் ஒளிப்படச் செய்மதியைத் திறந்தால் நுவரெலியா முழுவதும் வெண்பஞ்சு. மண்சரியும் நாட்களில்தானே மேகமும் மூடும்! மேகத்தைத் துளைப்பது ரேடார். அதிலும் சிக்கல் உண்டு. ரேடார் பக்கவாட்டில் பார்ப்பதால், அதை நோக்கிய செங்குத்துச் சரிவு படத்தில் மடிந்து ஒடுங்கிவிடும்; மறுபக்கச் சரிவு நிழலில் விழும். அதனால் செய்மதி வடக்கு நோக்கிப் போகும்போது எடுத்த படம், தெற்கு நோக்கி வரும்போது எடுத்த படம் இரண்டும் வேண்டும். ரேடார் செய்மதியான சென்டினல்-1இன் அலைநீளம் ஏறத்தாழ 5.6 சென்டிமீட்டர், தேயிலை இலையிலேயே பட்டுத் திரும்பிவிடும். கொழுந்து பறித்தாலும் கவ்வாத்து வெட்டினாலும் அடுத்த படம் முந்தையதோடு பொருந்தாது. நிலம் அசைந்ததா, செடிதான் மாறியதா என்று கணினி குழம்பும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செய்மதி 24 சென்டிமீட்டர் அலையையும் பயன்படுத்துகிறது. இலையடியில் உள்ள மண்ணின் அசைவைப் பார்க்க அது எவ்வளவோ மேல். ஆனாலும் எந்த மலை எப்போது வெட்டப்பட்டது என்று நிசாருக்கும் தெரியாது.

கடைசித் தவறைச் சொல்ல மனம் கனக்கிறது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அறிவு இருந்தது, மக்கள் குடியிருக்க வேறு இடம் இருக்கவில்லை. தரவு எடுக்கும் திட்டத்தில் அந்தத் தரவைக் கேட்டு நடப்பவருக்கான காணியும் வீடும் சேராவிட்டால், எத்தனை செய்மதி பறந்தாலும் லயத்துக்கு ஒன்றுதான். மொழியும் இதில் சேர்த்தி. வரைபடத்தில் தோட்டத்துக்கு ஒரு பெயர், மக்கள் வாயில் இன்னொரு பெயர் என்றிருக்கும்போது, நள்ளிரவில் வரும் எச்சரிக்கை யாருக்கென்று எப்படிப் புரியும்?

அந்த மாணவிக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். மலையின் நம்பர், ஊர்வாயில் அதன் பெயர், கவ்வாத்து வெட்டிய திகதி என்று மூன்று நிரல்கள் கோடு போட்டிருக்கிறாள். போன வாரம் பார்த்தபோது பதினேழு மலைகள் சேர்ந்திருந்தன. இரண்டு திகதிகளுக்கு எதிரே கேள்விக்குறி. "அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன், சேர்."