துடுப்புப் படகுப் போட்டி: தரையில் உட்கார்ந்தே ஓட்டிப் பார்க்கலாம்

குட்டீஸ், இந்தப் போட்டியில் படகு ஒரு பக்கம் போகும், ஓட்டுபவர்கள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்! ஏன் என்று செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 1: வழுவழுப்பான தரையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருங்கள். முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள், பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து உங்கள் பாதங்களை அழுத்திப் பிடிக்கட்டும். இப்போது காலை உதையுங்கள். துண்டோடு பின்னால் சறுக்குகிறீர்களா? நிஜப் படகிலும் இதேதான்: ஷூ படகோடு பொருத்தியிருக்கும், இருக்கைக்கு அடியில் சின்னச் சின்னச் சக்கரங்கள் இருக்கும்.

படி 2: கையில் ஒரு குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் துடுப்பு. கைகளை நீட்டி முன்னால் குனியுங்கள், துடுப்பு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. முதலில் கால் உதைக்கும், அப்புறம் முதுகு சாயும், கடைசியில்தான் கை குச்சியை நெஞ்சுக்கு இழுக்கும். திரும்பும்போது அப்படியே தலைகீழ்: கை, முதுகு, கால். இதில் அவசரப்படாதீர்கள். பலமெல்லாம் கையில் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் படகைத் தள்ளுவதில் பெரும்பங்கு காலுக்குத்தான், அதனால்தான் இந்த வரிசையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 3: நண்பர்களை ஒருவர் பின் ஒருவராக உட்கார வையுங்கள். எல்லாருக்கும் முன்னால் இருப்பவர் வேகத்தைத் தீர்மானிப்பார், மற்றவர்கள் அவரோடு ஒரே நேரத்தில் குனிந்து ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். எட்டுப் பேர் படகில் ஒன்பதாவதாக ஒருவர் உண்டு, அவர் பெயர் காக்ஸ். அவர் துடுப்புப் போடமாட்டார், ஆனால் போகிற வழியைப் பார்த்துப் படகைத் திருப்புவதும், குரல் கொடுப்பதும் அவர் வேலை.

சில படகுகளில் ஆளுக்கு இரண்டு துடுப்பு, சிலவற்றில் ஒன்று. தனியாக ஓட்டும் படகும் உண்டு, அதில் ஆளுக்கு இரண்டு.

படி 4: சரி, போட்டி! 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்தே இது நடக்கிறது, பெண்களுக்கு 1976 மான்ட்ரியாலில்தான் இடம் கிடைத்தது. இப்போது தூரம் 2000 மீட்டர், பெரும்பாலும் ஆறு படகுகள் பக்கத்துப் பக்கத்தில் நேர்கோட்டில் போகும். படகின் மூக்கு முனையில் ஒரு குட்டி ரப்பர் பந்து இருக்கும், மோதினாலும் யாருக்கும் பெரிதாக அடிபடக்கூடாது என்று வைத்தது. எந்தப் படகின் மூக்கு கோட்டை முதலில் தாண்டுகிறதோ அதற்கே வெற்றி என்பதால், கடைசிச் சில மீட்டரில் நான் அந்தப் பந்தை மட்டும்தான் பார்ப்பேன்.