விற்க முடியாத சேமிப்பில் பணம் இடுவதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் காணிக்கும் நகைக்கும் போக மிஞ்சும் பணத்தை நம்மில் பலர் நிலையான வைப்பிலேயே இடுகிறோம். பங்கைக் கொழும்புப் பங்குச் சந்தையில் இன்னொருவருக்கு விற்கலாம். அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் திறைசேரி உண்டியலையும் முதிர்வுக்கு முன் கைமாற்றலாம். நிலையான வைப்பையோ, தொழிலாளரின் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியையோ விலைக்கு வாங்க எவரும் இல்லை. பணத்தைத் திருப்பித் தரக்கூடியது அதை ஏற்ற நிறுவனம் மட்டுமே. ஆகையால் வட்டி வீதத்தைக் கேட்குமுன், இடையில் பணம் தேவைப்பட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள்.

முதிர்வுக்கு முன் வைப்பை முறித்தால், ஒப்புக்கொண்ட வட்டி குறைந்துவிடும். பன்னிரண்டு இலட்சம் ரூபாயை ஒரே சான்றிதழாக ஒரு வருடத்துக்கு இட்டவர், மருத்துவச் செலவுக்கு இரண்டு இலட்சம் தேவைப்பட்டாலும் முழு வைப்பையும் முறிக்க நேரலாம். அதே பணத்தை நான்கு இலட்சம் கொண்ட மூன்று வைப்புகளாகப் பிரித்து, மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் முதிரும்படி இட்டிருந்தால், ஒன்றை மட்டும் தொட்டால் போதும். முறிப்பதற்குப் பதிலாக வைப்பை ஈடுவைத்துக் கடன் பெறவும் வங்கிகள் இடமளிக்கின்றன. முதிர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது பெரும்பாலும் அதுவே இலாபம். முறித்தால் எவ்வளவு, கடன் பெற்றால் எவ்வளவு என்ற இரண்டு கணக்கையும் எழுதித் தரும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது பாதுகாப்பு. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கம் முழு உத்தரவாதம் அளிக்கிறது. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற ஏனைய வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும், நிறுவனம் முறிந்தால் கைகொடுக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைக்குமே. கூட்டுறவுச் சங்கங்களும் ஊர்ச் சீட்டும் இதற்குள் அடங்கா. அதிக வட்டி என்று ஒருவர் அழைத்தால், அந்த நிறுவனத்தின் பெயர் மத்திய வங்கியின் பட்டியலில் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் திரும்பி வந்துவிடுங்கள்.

சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதைப் பெறலாம். வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ முன்கூட்டி 30 வீதம் வரை பெற வழியுண்டு. இதை அவசரத்துக்கான பணமாக எண்ண வேண்டாம்.

சான்றிதழைப் பெறும்போதே பின்னுரித்தாளரின், அதாவது உங்களுக்குப் பின் பணத்தைப் பெறுபவரின், பெயரைப் பதியுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால், எந்த வங்கியில், எந்தத் திகதியில் முதிர்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.