செப்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு: வீட்டு லேண்ட்லைனை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை பெய்தால் கரகரப்பு, ரோடு தோண்டினால் லைன் கட், கேபிள் திருட்டு. இதற்கெல்லாம் ஒரு முடிவு வேண்டுமென்று பிஎஸ்என்எல் லேண்ட்லைன் வைத்திருப்பவர்கள் பலர் ஃபைபருக்கு மாறுகிறார்கள். மாறுவது நல்லதுதான். செப்புக் கம்பியில் இன்டர்நெட் தரும் ஏடிஎஸ்எல்2+ முறை ஏட்டளவில் 24 எம்பிபிஎஸ் வரை தரும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளி வீடு இருந்தால் அதில் கால்வாசி கிடைப்பதே பெரிய விஷயம். ஃபைபரில் இந்தத் தூரக் கணக்கு பெரிதாக இடிக்காது.

ஆனால் ஒன்று. பழைய லைனில் முக்கியமான வேலையெல்லாம் எக்ஸ்சேஞ்சில் நடந்தது, நம் வீட்டில் இருந்தது ஒரு போன்தான். ஃபைபரில் அந்த வேலையில் ஒரு பங்கு நம் வீட்டு அலமாரிக்கு வந்துவிடுகிறது. ஒளியாக வருவதை இன்டர்நெட்டாகவும் குரலாகவும் பிரித்துக் கொடுக்கும் ஓஎன்டி பெட்டி இனி நம் பொறுப்பில். பழைய போனை நடத்திய மாதிரியே இதையும் நடத்துவதால்தான் தவறுகள் வருகின்றன.

கரண்ட் விஷயத்தில் நடப்பதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பழைய லேண்ட்லைனுக்கு வேண்டிய 48 வோல்ட், எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வந்தது. புயலில் தெருவே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் கேட்டது அதனால்தான். கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. வீட்டில் கரண்ட் போனால் பெட்டி அணையும், பெட்டி அணைந்தால் போனும் ஊமை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதை யோசிக்காமல் மாற்றிவிடக் கூடாது.

"எங்கள் வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்று விட்டுவிடுவதும் ஆபத்து. கனெக்‌ஷன் கொடுக்க வருபவர் கைக்கு எட்டிய பிளக்கில் அடாப்டரைச் செருகிவிட்டுப் போவார். அந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்பது முதல் மின்வெட்டில்தான் தெரியும். அவர் இருக்கும்போதே மெயினை ஒரு தடவை ஆஃப் செய்து பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் போதும். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை, ஆம்பியர் மட்டும் பெட்டிக்குப் பெட்டி மாறும். அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். அப்புறம், பல ஊர்களில் பிஎஸ்என்எல் ஃபைபரை வீட்டுக்குக் கொண்டுவருவது உள்ளூர் கேபிள்காரர்தான். அவர் பக்கத்துக் கருவிகளுக்கு பேக்கப் இல்லையென்றால் நம் யுபிஎஸ் இருந்தும் பயனில்லை. அதையும் கேட்டு வையுங்கள்.

அடுத்தது நம்பர். 'புதுசு வரப்போகிறதே, பழையதுக்கு ஏன் வாடகை' என்று முதலிலேயே லைனை சரண்டர் செய்துவிடுகிறார்கள். முப்பது வருஷமாகச் சொந்தபந்தம் எல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த நம்பர் அதோடு போய்விடலாம். பிஎஸ்என்எல்லுக்குள்ளேயே மாறினால் அதே நம்பரை ஃபைபருக்கு மாற்றிக் கேட்கலாம். அதை வாய்மொழியாக விடாமல் விண்ணப்பத்திலேயே எழுத வையுங்கள், இல்லாவிட்டால் புது கனெக்‌ஷனாகப் பதிந்து புது நம்பர் தந்துவிடுவார்கள். வேறு கம்பெனிக்குப் போவதென்றால் பழைய நம்பரை மறந்துவிட வேண்டியதுதான். மொபைலில் செய்வது போல லேண்ட்லைன் நம்பரை இன்னொரு கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போகும் ஏற்பாடு இந்தியாவில் இல்லை. எப்படி மாறினாலும் சரி, ஃபைபர் வழியாக ஒரு கால் போய், ஒரு கால் வந்த பிறகுதான் செப்பு லைனை விட வேண்டும்.

போனைச் செருகும் இடமும் மாறுகிறது. சுவரில் உள்ள பழைய ரோசட்டில் இனி எதுவும் வராது. பெட்டியின் பின்னால் போனுக்கென்று இருக்கும் சின்ன ஓட்டையில் செருக வேண்டும். ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று என்று பேரலல் போன் வைத்திருந்தவர்கள், பெட்டியிலிருந்து ஒரு ஒயரை எடுத்து வீட்டின் பழைய ஒயரிங்கில் கொடுத்துவிடலாம் என்று நினைப்பார்கள். செய்யலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் செப்பு லைனை முதலில் கழற்றிவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் 48 வோல்ட் இன்னும் உயிரோடு இருந்து பெட்டிக்குள் போனால் போன் செருகும் அந்த ஓட்டை கெட்டுவிடலாம். சுற்றி டயல் செய்யும் பழைய போனைப் பல பெட்டிகள் புரிந்துகொள்வதில்லை. மணி அடிக்கும், பேசலாம், நம்பர் மட்டும் போகாது. ஃபேக்ஸ், பழைய அலாரம் கருவி வைத்திருப்பவர்கள் மாறும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் நாம் யோசிப்பதே இல்லை. கம்பி எந்த ஜன்னல் வழியாக வருகிறதோ அங்கேயே, சில சமயம் இரும்பு பீரோவுக்குப் பின்னால், உட்கார வைத்துவிட்டு அப்புறம் 'ஸ்பீடே இல்லை' என்று புலம்புகிறோம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கிட்டத்தில் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பத்து மீட்டர் கம்பி கூட ஆகும், பரவாயில்லை. வேகத்தைச் சோதிக்கும்போது லேப்டாப்பை லேன் ஒயரில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும், அது ஏமாற்று இல்லை.

செப்புக் கம்பியை எப்படி மடித்தாலும், ஆணி அடித்தாலும், கதவிடுக்கில் நசுக்கினாலும் சமாளித்துக்கொள்ளும். ஃபைபரை அப்படிச் செங்குத்தாக மடித்தால் உள்ளே போகும் ஒளி வளைவில் கசிந்துவிடும். எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் கம்பி மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு போன் செய்யுங்கள். தூசி தட்டப்போய் பெட்டியில் செருகியிருக்கும் ஃபைபர் முனையைக் கழற்றிவிடாதீர்கள். அதன் நுனியில் விரல் ரேகை பட்டாலே சிக்னல் குறையும். கழன்ற முனைக்குள் எட்டிப் பார்ப்பதும் கூடாது, உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத ஒளி.

கடைசியாக, பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். ரீசெட். பழைய மோடம் மக்கர் செய்தால் ஆஃப் செய்து ஆன் செய்வோமே, அந்த நினைப்பில் இதை அமுக்கிவிடுகிறார்கள். ஆஃப்-ஆன் வேறு, இது வேறு. அமுக்கினால் கனெக்‌ஷனுக்கான யூசர் ஐடி, பாஸ்வேர்டு, போனுக்கான செட்டிங் பெரும்பாலும் எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் ஆள் வந்து திரும்பப் போட்டுத் தரும்வரை இன்டர்நெட்டும் இல்லை, போனும் இல்லை. ஐடியையும் பாஸ்வேர்டையும் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு வாங்கிய பழைய மோடம் இருந்தால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு, டெபாசிட் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அது தானாக வீடு தேடி வரும் என்று நம்பியிருக்க முடியாது.