புது நோயாளியைப் பார்க்க டாக்டர் மறுத்தால் என்ன செய்வது?

"டாக்டர் புது கேஸ் எடுக்கறதில்லைங்க." கடலூரிலோ புதுச்சேரியிலோ கிளினிக் கவுன்டரில் இப்படிச் சொன்னால், அது பெரும்பாலும் விதிப்படி சரிதான். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்ற முடிவை டாக்டரிடமே விட்டிருக்கின்றன. 2023 ஆகஸ்டில் வந்த புது விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிகள்தான் செல்லும். ஆனால் காரணமில்லாமல் தட்டிக்கழிக்கக் கூடாது, அவசரமென்றால் மறுக்கவே கூடாது என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது.

மறுப்பது டாக்டரா, கவுன்டரா என்று முதலில் பாருங்கள். டோக்கன் முடிந்ததைத்தான் பல இடங்களில் "பார்க்க மாட்டார்" என்று சொல்லிவிடுகிறார்கள். "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க" என்றாலே பாதி சிக்கல் தீரும். நோய் தன் துறையில் வராது என்று டாக்டர் சொன்னால், அது நியாயமான காரணம். யாரிடம் போக வேண்டும் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். தேதி, நேரம் இருக்கட்டும். அந்தத் தாளிலும் கிளினிக் சுவரிலும் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டி ஒதுக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மருத்துவ அவசியமுள்ள கருக்கலைப்பை மதத்தை மட்டும் காரணம் காட்டி மறுப்பதும் விதிமீறல்.

நெஞ்சுவலி, விபத்து, பிரசவ வலி என்றால் கணக்கே வேறு. "போலீஸ் வரட்டும்" என்று காக்க வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், காகிதமெல்லாம் அப்புறம். இருந்தாலும் கவுன்டரில் நின்று சட்டம் பேசாதீர்கள், நேரம் போய்விடும். ஒருவர் 108ஐ அழைக்கட்டும், இன்னொருவர் மறுத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளட்டும்.

சாலை விபத்தில் எல்லைக்கோடும் முக்கியம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் வரம்புக்குட்பட்டு இலவசம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அடிபட்டால் இது உண்டு; கன்னியக்கோவில் புதுச்சேரிப் பகுதி என்பதால் அங்கே கிடையாது. விபத்து நடந்த இடத்தை ஊர் பெயரோடு தெளிவாகச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் திடீரெனக் கைவிட முடியாது. நோயாளிக்கும் குடும்பத்துக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வேறு டாக்டரிடம் மாறுவதானால் பழைய ரெக்கார்டை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்டுவிட்டு வந்தால் நாள் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதிலேயே தகராறு வரும்.

கடலூரில் டாக்டர் மீது புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கும், தனியார் மருத்துவமனை மீது என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் எழுதுங்கள். பதிவு எண், தேதி, நேரம் இல்லாத புகார் நகராது. கவுன்சில் டாக்டர் மீது நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு வாங்கித் தராது. இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். அதிலும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, பணமே கட்டாதவரின் வழக்கு அங்கே நிற்பது கடினம்.