அறியாத இசைக்குள் எந்த வாசல் வழியாக நுழைவது?

ஜாஸ், கவ்வாலி, இந்துஸ்தானி எனப் பெயரளவில் மட்டும் தெரிந்த இசையைக் கேட்க விரும்புவோர் பெரும்பாலும் ‘தலைசிறந்த நூறு’ போன்ற பட்டியல்களையே முதலில் தேடுகிறார்கள். பட்டியல் பெயர்களைத் தருமே தவிர, காதுக்குப் பிடிமானம் தராது. ஏற்கெனவே காதில் ஊறிய ஒலியிலிருந்து புறப்படுவதே நல்லது. குமரி மாவட்டத்தில் வளர்ந்தவருக்கு அத்தகைய ஒலிகளுக்குப் பஞ்சமில்லை.

கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டவர், சூஃபி பக்தி இசையான கவ்வாலியில் தொடங்கலாம். வில்லடிக்கும் புலவர் பாடிவிடும் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவதைப் போலவே, பாகிஸ்தானிய கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் பதே அலி கானின் (1948–1997) குழுவினரும் அவர் விட்ட அடியைக் கைத்தட்டலோடு ஏந்திக்கொள்கிறார்கள். மொழி புரியாததைப் பொருட்படுத்தாமல், முதல் முறை குழுவினரை மட்டும் கவனியுங்கள். எந்த அடி திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடத்தில் வேகம் கூடுகிறது என்பது பிடிபட்ட பிறகு முதன்மைப் பாடகரின் சஞ்சாரங்களைப் பின்தொடர்வது எளிதாகும். சுருக்கப்பட்ட பதிவுகளை விட்டுவிட்டு, கால் மணி நேரத்துக்குக் குறையாத மேடைப் பதிவையே தேர்ந்தெடுங்கள். கவ்வாலி மெல்லச் சூடேறும் இசை, அவசரக்காரர்களுக்கு அது வசப்படாது.

ஆலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்களில் பாடிப் பழகியவருக்கு மேற்கத்திய செவ்வியல் இசையின் கதவு பாதி திறந்தே இருக்கிறது. சிம்பொனிகளுக்குப் போகுமுன் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் (1685–1750) நான்கு குரல்களுக்கு அமைத்த கோரல்கள் என்னும் தேவாலயப் பாடல்களைக் கேளுங்கள்; அவற்றில் பல ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிபவை. ஒவ்வொரு முறையும் ஒரு குரலை மட்டும், குறிப்பாக நீங்கள் பாடிய குரலை, தொடக்கம் முதல் இறுதி வரை பின்பற்றுங்கள்.

கோயில் நாதசுரத்தில் மோகனமும் இந்தோளமும் கேட்டவர், அவற்றின் சுரங்களையே கொண்ட பூப், மால்கௌன்ஸ் ராகங்களை இந்துஸ்தானியில் தேடலாம்.

ஒரு பதிவு பிடித்துவிட்டால், அடுத்து அதே வகையின் பெயரைத் தேடுவதைவிட, அதில் உடன் வாசித்தவர்களின் பெயர்களைத் தேடுவது பயன் தரும். சான்றாக, ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோனும் பில் எவன்ஸ் பியானோவும் வாசித்திருக்கிறார்கள், இருவரும் பின்னர் தத்தம் குழுக்களோடு வெவ்வேறு திசைகளில் சென்றவர்கள். கோல்ட்ரேனின் கடைசி ஆண்டுப் பதிவுகள் பழகிய காதையே திணறடிப்பவை என்பதால் அவற்றைத் தள்ளிவைத்து, பாட்டில் விருப்பமுள்ளவர்கள் ஜானி ஹார்ட்மன் என்னும் பாடகரோடு அவர் 1963இல் பதிவுசெய்த தொகுப்பிலிருந்து தொடங்கலாம்.