ஸ்காட்லாந்தில் ஒரு கோல்ஃப் விடுமுறை: எதை முதலில் பதிவு செய்வது?

வெளிநாட்டில் சொகுசான கோல்ஃப் விடுமுறைக்குத் திட்டமிடும் பலர் முதலில் விடுதியைத் தேர்ந்தெடுத்து, அறைக்கும் விமானத்துக்கும் பணம் கட்டிவிட்டு, ஆட்டத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். விடுதியும் மைதானமும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும் நாடுகளில் இந்த வரிசையால் பெரிய தொல்லை இல்லை. ஸ்காட்லாந்துக்கு இது சரிப்படாது. அங்கே மிகப் புகழ்பெற்ற மைதானங்கள் சில ஊர்ப் பொதுச் சொத்து. வேறு சில பழைமையான தனியார் கிளப்புகளுக்கு உரியவை. எவ்வளவு விலை உயர்ந்த அறை எடுத்தாலும் அந்தப் புல்லில் கால் வைக்கும் உரிமை அதனுடன் சேர்ந்து வருவதில்லை. ஆகவே டீ டைம் எனப்படும் ஆட்ட நேரத்தை முதலிலும், அதற்கேற்ப விடுதியை அடுத்தும், விமானச் சீட்டைக் கடைசியிலும் முடிவு செய்ய வேண்டும்.

கோல்ஃபுக்குப் பெயர்போன கடலோர ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள புகழ்பெற்ற மைதானமான ஓல்டு கோர்ஸின் பதினேழாவது ஹோலை (பந்தைக் குழியில் சேர்க்க வேண்டிய ஆட்டப் பகுதியை) ஒட்டி ஓல்டு கோர்ஸ் ஹோட்டல் என்ற பெரிய விடுதி நிற்கிறது. பெயரைப் பார்த்து மைதானமும் அவர்களுடையதே என்று எண்ணிப் பதிவு செய்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த விடுதிக்குச் சொந்தமானது ஊருக்கு வெளியே, உள்நாட்டு மேட்டில் இருக்கும் ட்யூக்ஸ் மைதானம்தான். ஓல்டு கோர்ஸ் உள்ளிட்ட ஏழு பொது மைதானங்களை, 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட் நிர்வகிக்கிறது. உள்ளூர்க்காரரும் அயல்நாட்டுச் செல்வந்தரும் அங்கே ஒரே குலுக்கலில் பெயர் கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகப் பிடித்த செய்தி.

அந்தக் குலுக்கலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பயணத்தின் நாள்கணக்கே அதைப் பொறுத்து அமைகிறது. ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, இரண்டு முதல் நான்கு பேர் கொண்ட குழுவாக இணையத்தில் பெயர் கொடுக்க வேண்டும். முடிவு அன்று மாலையே வெளியாகும். கோடையில் விண்ணப்பங்கள் குவிவதால், ஒரே ஒரு நாளை மட்டும் நம்பிப் போவது வீண். செயின்ட் ஆண்ட்ரூஸில் நான்கைந்து இரவுகள் தங்கி நாள்தோறும் பெயர் கொடுத்தால் வாய்ப்பு ஓரளவு கூடும். தனியாக வருபவர்களுக்கு வேறொரு குலுக்கல் இருக்கிறது. ஆட நினைக்கும் நாளுக்கு முந்தைய நாளே நேரில் போய்ப் பதிந்துகொண்டு, குலுக்கலில் பெயர் வந்தால், இடம் காலியாக உள்ள குழு ஒன்றில் சேர்த்துவிடுவார்கள். உறுதியான நேரம் வேண்டுமென்றால், முந்தைய ஆண்டின் கோடை முடிவிலேயே டிரஸ்டிடம் முன்விண்ணப்பம் செய்ய வேண்டும், அல்லது டிரஸ்ட் அங்கீகரித்த பயண நிறுவனத்திடம் விடுதியும் ஆட்டமும் சேர்ந்த தொகுப்பை வாங்க வேண்டும். தொகுப்பின் விலை மைதானக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. அந்தக் கட்டணமே கோடையில் ஆளொன்றுக்கு 300 பவுண்டைத் தாண்டுகிறது. பணத்தைவிட நேரம் அதிகம் உள்ளவர்களுக்குக் குலுக்கலையே பரிந்துரைப்பேன்.

நாள் குறிக்கும்போது வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில், பெரிய போட்டிகள் நடக்கும் நாள்கள் நீங்கலாக, ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது; அன்று ஊர் மக்கள் அதில் பூங்காவைப்போல உலாவுவார்கள். இலையுதிர்காலத்தில் டன்ஹில் லிங்க்ஸ் போட்டி நடக்கும் வாரத்தில் ஓல்டு கோர்ஸ், கர்னூஸ்டி, கிங்ஸ்பார்ன்ஸ் ஆகிய மூன்று மைதானங்களுமே கிடைக்காது. குளிர்மாதங்களில் கட்டணம் குறையும். ஆனால் ஃபேர்வே எனப்படும் வெட்டிய புல்பாதையில் சிறிய விரிப்பை வைத்து அதன்மேல் பந்தை அடிக்கச் சொல்வார்கள். அவ்வளவு தொலைவு பயணம் செய்து விரிப்பின்மேல் ஆடுவது எனக்கு உவப்பானதல்ல. மே, ஜூன் மாதங்களே ஏற்றவை. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், காலையில் ஒரு மைதானமும் மாலையில் ஒன்றுமாக ஆட முடியும்.

விண்ணப்பிப்பதற்கு முன்பே ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; குறைவாக இருந்தால் திறன் அதிகம்) சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள். உலகம் முழுவதற்குமான பொதுவான ஹேண்டிகேப் முறை 2020-இல் நடைமுறைக்கு வந்ததால், சென்னையிலோ கொடைக்கானலிலோ கொழும்பிலோ உள்ள உங்கள் கிளப் தரும் சான்று அங்கேயும் செல்லும். பெரிய மைதானங்கள் ஹேண்டிகேப்புக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அது அவ்வப்போது மாறுவதால், அந்தந்த மைதானத்தின் தளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. சான்று இல்லாதவர்களுக்கும் தொடக்க நிலையினருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே ஒன்பது ஹோல் கொண்ட பால்கோவ் மைதானம் இருக்கிறது. ஓல்டு கோர்ஸில் இடம் கிடைக்காத நாளுக்கு, அதன் அருகிலேயே 1895-இல் திறக்கப்பட்ட நியூ கோர்ஸ் இருக்கிறது. பெயருக்குத்தான் புதியது, நம் கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பின் வயதுதான் அதற்கும்.

குடும்பத்தில் எல்லோரும் கோல்ஃப் ஆடுபவர்கள் அல்லர் என்றால் பயணத்தின் ஒரு பகுதியை கிளென்ஈகிள்ஸில் கழிக்கலாம். பெர்த்ஷயரில் 1924-இல் திறக்கப்பட்ட இந்த விடுதி தன் மூன்று பெரிய மைதானங்களையும் தானே நடத்துவதால், அறையையும் ஆட்ட நேரத்தையும் ஒரே தொலைபேசி அழைப்பில் முடித்துவிடலாம். ஜேம்ஸ் பிரெய்ட் வடிவமைத்த கிங்ஸ், குவீன்ஸ் இரண்டும் விடுதியைவிட மூத்தவை. ஜாக் நிக்லாஸ் வடிவமைத்த பிஜிஏ சென்டினரியில்தான் ஐரோப்பிய, அமெரிக்க அணிகள் மோதும் ரைடர் கோப்பை 2014-ஆம் ஆண்டு நடந்தது. புகழுக்காக எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஒரே ஆட்டம்தான் முடியும் என்றால் நான் கிங்ஸையே தேர்வேன், ஏனெனில் மேடும் பள்ளமுமான அந்த நிலத்தில் ஒவ்வொரு ஹோலும் தனித்தனி அறைபோல ஒதுங்கி நிற்கிறது. ஆடாதவர்களுக்கு வல்லூறு பறக்கவிடுதல், குதிரையேற்றம், மீன்பிடித்தல், நீச்சல் குளம் என்று நாள் நிறைய வேலை இருக்கும். கிளென்ஈகிள்ஸ் என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையமும் அருகில் உண்டு.

தென்மேற்குக் கரையில் உள்ள டர்ன்பெரியும் விடுதியும் மைதானமும் ஒன்றான இடமே. அதன் எய்ல்சா மைதானத்தில்தான் 1977-இல் பிரிட்டனின் பெரும் கோல்ஃப் போட்டியான ஓப்பனில் டாம் வாட்சன் நிக்லாஸை ஒரே பந்தடி வித்தியாசத்தில் வென்றார். 2014 முதல் அது டிரம்ப் நிறுவனத்தின் உடைமை. 2009-க்குப் பிறகு ஓப்பன் அங்கே நடக்கவில்லை. கலங்கரை விளக்கத்தை ஒட்டிய கடலோர ஹோல்களின் அழகுக்கு ஈடில்லை. ஆனால் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து அது நெடுந்தொலைவு என்பதால், ஒரு வாரப் பயணத்தில் இரண்டையும் திணிக்க வேண்டாம்.

தனியார் கிளப்புகளில் விருந்தினருக்கென்று குறிப்பிட்ட கிழமைகளே உண்டு. மியூர்ஃபீல்டில் அவை செவ்வாயும் வியாழனும். அதற்கும் பல மாதங்கள் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். இத்தகைய ஒரு நாள் கிடைத்துவிட்டால், மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்குங்கள்.

கடலோர மணல்நிலத்தில் அமைந்த லிங்க்ஸ் மைதானங்களில் மரமில்லை, காற்றுக்குத் தடையுமில்லை. நம் ஊரில் உயரத் தூக்கி அடித்துப் பழகியவர்கள், பந்தைத் தாழ அடித்து உருளவிடும் அடியைப் புறப்படுவதற்கு முன்பே பழகிக்கொள்ள வேண்டும். பங்க்கர் எனப்படும் ஆழமான மணற்குழியில் விழுந்தால் முன்னோக்கி அடிக்கும் ஆசையை விட்டு, பக்கவாட்டிலோ பின்னாலோ வெளியேறுவதே சிக்கனம். இங்கே பெரும்பாலும் நடந்தே ஆட வேண்டும்; மின்வண்டியை மருத்துவக் காரணத்துக்கு மட்டுமே தருவார்கள். ஆகவே இரண்டு மாதங்களாவது நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் நடந்து பழகுங்கள். முதல் ஆட்டத்துக்காவது, பையைச் சுமந்து யோசனையும் சொல்லும் கேடி ஒருவரை வைத்துக்கொள்வது வீண்செலவு அல்ல: ஓல்டு கோர்ஸில் ஏழு பெரிய கிரீன்களை (குழியும் கொடியும் உள்ள மழித்த புல்தரைகளை) இரண்டிரண்டு ஹோல்கள் பகிர்ந்துகொள்வதால், எந்தக் கொடியை நோக்கி அடிப்பது என்பதிலேயே புதியவர்களுக்குக் குழப்பம் வரும். கேடியின் கூலியையும் அன்பளிப்பையும் ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள். கோடையிலும் மழைச்சட்டையும் கம்பளிச்சட்டையும் இரண்டு இணைக் கையுறைகளும் பையில் இருக்க வேண்டும்.

தோகா அல்லது லண்டன் வழியாக எடின்பரோ செல்வது எளிது. இந்தியக் கடவுச்சீட்டுக்குப் பிரிட்டனின் விசா தேவை. கோடையில் அலுவலகங்களில் நெருக்கடி இருப்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கோல்ஃப் பைக்கு விமான நிறுவனம் எவ்வளவு எடை அனுமதிக்கிறது என்பதையும் சீட்டு வாங்குமுன் கேட்டுவிடுங்கள். நான்கு பேரும் நான்கு கோல்ஃப் பைகளும் சாதாரண வாடகைக் காரில் அடங்கமாட்டார்கள். வேனாகவே எடுக்க வேண்டும். அங்கும் நம்மைப்போல் சாலையின் இடப்புறம்தான் ஓட்டுகிறார்கள் என்றாலும், ஆட்டம் முடிந்து கிளப்பில் ஒரு கோப்பை விஸ்கி அருந்தும் எண்ணம் இருந்தால் ஓட்டுநரையும் சேர்த்தே அமர்த்துங்கள்; வாகனம் ஓட்டுபவர்களுக்கு ஸ்காட்லாந்து விதித்துள்ள மது வரம்பு இங்கிலாந்தில் உள்ளதைவிடக் கடுமையானது.